வளைந்த நாற்காலிச் சட்டங்களுக்கு ஸ்போக்ஷேவ்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று தலைமுறையாகக் கிடந்த தேக்குச் சாய்வு நாற்காலியின் இடப்பக்கப் பின்சட்டம், பிரம்பு கோப்பதற்காகத் துளைத்திருந்த துளைகளின் வரிசையிலேயே சென்ற ஆண்டு பிளந்துபோனது. இடுப்புக்கு நேரே முன்னோக்கி வளைந்து, தோளுக்கு நேரே பின்னோக்கிச் சாயும் அந்தச் சட்டத்தைப் புதிதாகச் செய்துவிட வேண்டும் என்பதற்காகவே, வளைந்த மரத்தைச் சீவும் ஸ்போக்ஷேவ் என்னும் கைக்கருவியில் தட்டையான அடி கொண்டது ஒன்றும் உருண்ட அடி கொண்டது ஒன்றுமாக இரண்டை இணையத்தில் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து 1,650 ரூபாய். பெட்டியின் மீது தயாரிப்பாளர் பெயர் எதுவும் இல்லை. அந்தச் சட்டத்துக்குப் பிறகு அதன் இணைச் சட்டம், மூன்று நாற்காலிக் கைகள், ஓர் ஆடுநாற்காலியின் இரு வளைகால்கள் ஆகியவற்றையும் இவற்றைக் கொண்டே முடித்திருக்கிறேன். வளைந்த மரத்தை இழைக்க விரும்புகிறவர்கள் தட்டை அடி கொண்டதைத் தயங்காமல் வாங்கலாம் என்பதும், ஆனால் வாங்கிய நிலையிலேயே அது வேலை செய்யாது, அரை நாள் அதற்காக உழைக்க வேண்டும் என்பதும் என் முடிவு. உருண்ட அடி கொண்டதைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை; காரணத்தைப் பிறகு விளக்குகிறேன்.

கருவியை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். நாம் பலகையை இழைக்கும் இழைப்புளியின் அடி நீளமானது. அந்த நீளமே பலகையைச் சமதளமாக்குகிறது. அந்த நீளத்தினாலேயே அது வளைவுக்குள் இறங்க மறுக்கிறது. ஸ்போக்ஷேவில், மரத்தைச் சீவும் தகடான அலகுக்கு முன்னும் பின்னும் ஒரு விரல் அகலத்துக்கு மட்டுமே அடி உண்டு. இருபுறமும் பறவையின் சிறகுபோல விரிந்த இரு கைப்பிடிகள், நடுவில் ஒரு சிறிய அலகு, அவ்வளவுதான். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைச் சீவுவதற்கு உரியது என்பதே அதன் ஆங்கிலப் பெயரின் பொருள். நம் ஊர் வண்டித் தச்சர்கள் குடம், ஆரக்கால், வட்டை ஆகியவற்றையெல்லாம் வாச்சி என்னும் செதுக்கு கருவியாலும் உளியாலுமே வடித்ததால் இக்கருவி இங்கே பரவலாக வழங்கவில்லை என்று நினைக்கிறேன். இன்று உலகெங்கும் மலிவு விலையில் கிடைக்கும் வார்ப்பிரும்பு ஸ்போக்ஷேவ்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனத்து 151ஆம் எண் வடிவத்தைப் பின்பற்றியவை. அலகு ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் அமர்ந்திருக்கும்; அதன் மேல்விளிம்பின் இரு மூலைகளிலும் தனித்தனியே இரு திருகுகள் இருக்கும். என்னிடம் உள்ளவையும் அவ்வாறே. முழு நீளம் 25 செ.மீ., அலகின் அகலம் 54 மி.மீ.

நாற்காலியின் வளைந்த உறுப்பு ஏன் இவ்வளவு சிரமம் தருகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்தக் கருவியின் அருமை விளங்கும். வியன்னாவில் மைக்கேல் தோனெத் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியைப் போன்றவற்றில், பீச் மரக் கம்பிகளை நீராவியில் இளக்கி அச்சில் வளைத்தார்கள். அங்கே மரத்தின் நாரும் வளைவோடு சேர்ந்தே வளைகிறது. கருவியை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே திசையில் ஓட்டலாம். நம் சாய்வு நாற்காலிகளின் சட்டங்களோ தடித்த தேக்குப் பலகையில் வளைவை வரைந்து, வாளால் அறுத்து எடுத்தவை. அறுப்பு வளைந்து செல்கிறதே தவிர, நார் நேராகத்தான் கிடக்கிறது. ஆகவே ஒரே சட்டத்தில் ஓரிடத்தில் நார் மேற்பரப்புக்கு இணையாக ஓடும், நான்கு விரற்கடை தள்ளி மேற்பரப்பைக் குத்திக்கொண்டு வெளியே வரும், இன்னும் சற்றுத் தள்ளி எதிர்த்திசையில் சாய்ந்து நிற்கும். பூனையின் முதுகைத் தடவுவதுபோல நார் படுத்திருக்கும் பக்கமாகச் சீவினால் மரம் மினுமினுப்பாக வரும். எதிர்த்துச் சீவினால் சிராய் பெயர்ந்து குழி விழும். எங்கள் வீட்டுச் சட்டம் பிளந்த இடமும் இப்படி நார் குறுக்கே அறுபட்டு வலுக்குன்றிய இடம்தான். அங்கேயே வரிசையாகத் துளைகளும் இருந்ததால் அது தாங்கவில்லை.

இந்தச் சிக்கலுக்கு ஸ்போக்ஷேவ் தரும் விடை, திசையை மாற்றும் வசதி. இழைப்புளியைத் தள்ளும் நாம், இதைத் தள்ளவும் செய்யலாம், நம்மை நோக்கி இழுக்கவும் செய்யலாம். மரத்தை, அதை இறுகப் பிடிக்கும் வைஸிலிருந்து கழற்றித் திருப்பாமலேயே, வளைவின் மேட்டிலிருந்து ஒரு பக்கம் தள்ளி இறக்கி, அதே மேட்டிலிருந்து மறு பக்கம் இழுத்து இறக்கலாம். புடைத்த வளைவில் மேட்டிலிருந்து இருபுறமும் இறங்க வேண்டும். குழிந்த வளைவில் இரு கரைகளிலிருந்தும் பள்ளத்தை நோக்கி இறங்க வேண்டும். மழைநீர் வழிந்தோடும் திசையே அலகு ஓட வேண்டிய திசை என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். குழிவின் அடியில் இரு திசைகளும் சந்திக்கும் அந்த ஓர் அங்குலம் மட்டும் எப்போதும் தொந்தரவு தரும். அங்கே மிக மெல்லிய சீவலாக எடுத்து, கருவியைச் சற்றே சாய்வாகப் பிடித்து, சந்திக்கும் கோட்டைத் தாண்டாமல் தூக்கிவிடுவதுதான் வழி.

இனி, வந்த பொருள் எந்த நிலையில் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். வார்ப்பின் உடல் கோணலின்றி இருந்தது. கைப்பிடிகளின் அமைப்பும் நன்றாக இருந்தது. ஆனால் அலகு அமரும் படுகையில் தடித்த பெயிண்ட் திட்டுத்திட்டாக உறைந்திருந்தது. அதன்மேல் அலகை வைத்து விரலால் அழுத்தினால் தாயக்கட்டைபோல ஆடியது. இந்த நிலையில் முதன்முறை தேக்கில் ஓட்டியபோது அலகு அதிர்ந்து, மரத்தின்மீது நெருக்கமான வரிவரியான தழும்புகளைப் போட்டது. ஸ்போக்ஷேவை வாங்கியவர்களில் பலர் அதை மூலையில் போட்டுவிடுவதற்கு இந்த அதிர்வே காரணமாக இருக்க வேண்டும். குற்றம் மரத்திலும் இல்லை, கையிலும் இல்லை. அலகு முழுமையாக ஊன்றி உட்காரவில்லை. படுகையின் பெயிண்ட்டைச் சுரண்டி எடுத்து, தட்டை அரத்தால் மெல்லத் தேய்த்து, அலகின் பின்புறத்தில் மார்க்கர் மை பூசி எங்கே படுகிறது என்று பார்த்துப் பார்த்துச் சமன்செய்ததில் ஒன்றரை மணி நேரம் சென்றது. அலகை அழுத்திப் பிடிக்கும் மூடியின் முன்விளிம்பும் இதேபோல ஓரிடத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தது, அதையும் நேராக்கினேன். அதற்குப் பிறகு அதிர்வு நின்றுவிட்டது.

அடுத்த குறை, வாய் அகலம். அலகின் முனைக்கும் அதன் முன்னுள்ள அடியின் விளிம்புக்கும் இடையே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தது. வாய் அகலமாக இருந்தால், சீவல் மேலெழும்போது அதற்கு முன்னுள்ள நாரை அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லாமல் போகிறது. மரம் எளிதில் பெயர்கிறது. படுகைக்கும் அலகுக்கும் இடையே மெல்லிய பித்தளைத் தகட்டுத் துண்டு ஒன்றை வெட்டி வைத்ததும் அலகு முன்னே நகர்ந்து வாய் 1 மி.மீ. அளவுக்குச் சுருங்கியது. திருகுகளில் தளர்ச்சி உண்டு. ஒரு திசையில் திருப்பியதை மறு திசையில் திருப்பும்போது முதல் அரைச் சுற்று வீணாகப் போகிறது. எனவே எப்போதும் அலகை வெளியே தள்ளும் திசையிலேயே கடைசித் திருப்பம் அமையும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அலகைப் பற்றி எனக்கு முழு நிறைவு இல்லை. தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா கலந்திருப்பதால் எந்தக் கூரையும் அது விரைவில் மழுக்கிவிடும் என்பதை அறிவேன். அப்படியிருந்தும், என் பழைய இழைப்புளியின் அலகு ஒரு மணி நேரம் தாங்கும் வேலையில் இது இருபது நிமிடத்துக்குள் சாணையைக் கேட்டது. முதலில் அதன் பின்புறத்தைக் கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கினேன். பிறகு 25 பாகைச் சரிவில் தீட்டி, முனையில் மட்டும் 30 பாகையில் ஒரு மயிரிழைச் சரிவு கொடுத்ததும் கூர் நிற்கும் நேரம் ஓரளவு கூடியது. அலகு மிகவும் குட்டையாக இருப்பதால் சாணைக்கல்லின்மேல் விரலால் பிடிப்பது கடினம். ஒரு சாண் நீளக் கட்டையின் முனையில் வாளால் ஒரு பிளவு அறுத்து, அதில் அலகைச் செருகிப் பிடித்துத் தீட்டுவது எளிது. இந்தச் சிறு கட்டையைச் செய்துகொள்ளாதவர்கள் அடிக்கடி தீட்ட மாட்டார்கள், அடிக்கடி தீட்டாதவர்களுக்கு இந்தக் கருவி பயன்படாது.

பிடிக்கும் முறையை நான் தவறாகவே தொடங்கினேன். சைக்கிளின் கைப்பிடியைப் பிடிப்பதுபோல இரு முனைகளையும் முஷ்டியால் இறுகப் பற்றினேன். கருவி முன்னும் பின்னும் உருண்டு, ஒன்று வெட்டாமல் வழுக்கியது அல்லது ஆழக் குத்தியது. பக்கத்துத் தெருவில் வசிக்கும் எழுபது வயதைக் கடந்த ஆசாரி ஒருவர், ஸ்போக்ஷேவை அதற்கு முன் கையாளாதவர், சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, கையை ஓரத்துல வச்சா அது எப்படி உங்க பேச்சைக் கேக்கும்? அலகுக்குப் பக்கத்துல கொண்டாங்க” என்றார். இரு கட்டைவிரல்களையும் அலகின் இருபுறமும் உடலின் பின்பக்கத்தில் ஊன்றி, ஆள்காட்டி விரல்களை முன்பக்கம் வைத்ததும் அடியின் சாய்வு விரல்நுனிக்குத் தெரியத் தொடங்கியது. முன் அடியை முதலில் மரத்தில் பதித்து, தள்ளிக்கொண்டே மெதுவாக மணிக்கட்டை உருட்டி, அலகு மரத்தைக் கவ்வும் கணத்தில் அந்தச் சாய்விலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். அடியில் அவ்வப்போது மெழுகுவர்த்தியை ஒரு கோடு இழுத்தால் பாதி உழைப்பு குறைகிறது.

இரட்டைத் திருகின் பயனை ஆசாரிதான் தன் போக்கில் கண்டுபிடித்தார் என்றே சொல்ல வேண்டும். ஒரு திருகை மட்டும் சற்றே கூடுதலாக இறக்கினால் அலகு சாய்வாக அமர்கிறது. ஒரு பக்கம் தடித்த சீவலும் மறுபக்கம் மெல்லிய சீவலும் வருகின்றன. எங்கே அதிகம் எடுக்க வேண்டுமோ அங்கே தடித்த பக்கத்தால் ஓட்டி, இறுதியில் மெல்லிய பக்கத்தால் மெருகிடலாம். இடையில் திருகைத் தொட வேண்டியதே இல்லை. அயல்நாட்டு நாற்காலித் தச்சர்கள் இதையே வழக்கமாகச் செய்கிறார்கள் என்று பின்னர் அறிந்துகொண்டேன்.

கையைத் தாங்கும் வளைந்த முன்தூணை உருட்டியது எனக்கு மிகவும் பிடித்த வேலை. 48 மி.மீ. சதுரமாக அறுத்த தூணின் ஒவ்வொரு முகத்திலும் 14, 20, 14 என்று அளந்து இரு கோடுகள் இழுத்து, மூலைகளை அந்தக் கோடுகள்வரை சீவினால் எட்டுப்பட்டை கிடைக்கிறது. ஏழுக்குப் பத்துக்கு ஏழு என்னும் இந்த விகிதம் எந்த அளவுச் சதுரத்துக்கும் பொருந்தும். எட்டுப் பட்டைகளின் விளிம்புகளை மீண்டும் சீவிப் பதினாறாக்கி, அதன்பின் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தே உருண்டையாக்க வேண்டும். கண்ணுக்குத் தென்படாத மேடும் பள்ளமும் உள்ளங்கைக்குத் தெளிவாகத் தெரிகின்றன. முதலிலேயே உருண்டையாக்க முயன்றால் வளைவின் நெடுகிலும் தூணின் பருமன் கூடிக் குறைந்து, பாம்பு இரை விழுங்கியதுபோல ஆகிவிடுகிறது; பட்டைகளின் கோடுகளே நம்மைக் காக்கின்றன.

உருண்ட அடி கொண்ட ஸ்போக்ஷேவுக்கு வருகிறேன். தட்டை அடி குழிவான வளைவில் இறங்காது; அடியின் இரு விளிம்புகளும் கரைகளில் தொட்டுக்கொண்டு நிற்க, நடுவிலுள்ள அலகு காற்றில் தொங்கும். அதற்காகவே உருண்ட அடி. ஆனால் அந்த உருட்சியின் ஆரத்தைவிட மரத்தின் குழிவு இறுக்கமாக இருந்தால் இதுவும் தோற்கும். என்னுடையதைக் காகிதத்தில் வரைந்து பார்த்ததில் ஆரம் ஏறத்தாழ 45 மி.மீ. வந்தது. சாய்வு நாற்காலியின் பின்சட்டம், ஆடுநாற்காலியின் வளைகால் ஆகியவற்றின் குழிவுகள் இதைவிடப் பலமடங்கு விரிந்தவை. அவற்றில் அலகைச் சற்றே கூடுதலாக வெளியே விட்டுத் தட்டை அடியையே ஓட்டிவிட முடிகிறது. கை சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள சிறு குழிவோ இந்த ஆரத்தைவிட இறுக்கமானது. அங்கே அரைவட்ட அரம்தான் நுழைகிறது. ஆக, உருண்ட அடிக்கு உண்மையான வேலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வளைவுகளில் மட்டுமே. மேலும், தட்டை அடி தானாகவே ஒரு கோணத்தில் நிற்கும். உருண்ட அடியில் நிற்கும் கோணம் என்று எதுவும் கிடையாது, முழுவதும் மணிக்கட்டின் பொறுப்பு. முதலில் இதை வாங்கிப் பழகத் தொடங்குகிறவர் சோர்ந்துபோவார். உங்கள் நாற்காலியின் வளைவை ஓர் அட்டையில் வெட்டி எடுத்து, அது தேவைதானா என்று பார்த்த பிறகு வாங்குவதே நல்லது.

மரத்துக்கு மரம் அனுபவம் மாறுகிறது. கூரை அடிக்கடி தீட்டிக்கொள்ள நேர்ந்தாலும், தேக்கில் நீண்ட சுருளாகச் சீவல் வருகிறது. பூவரசு இன்னும் இணக்கமானது. வேம்பில் நான் மிகவும் திண்டாடினேன். அதன் நார் அடுக்கடுக்காகத் திசை மாறிப் பின்னியிருப்பதால் எந்தப் பக்கம் ஓட்டினாலும் எங்கேனும் ஒரு பட்டை பெயர்ந்தது. வாயைச் சுருக்கி, புதிதாகத் தீட்டி, தூசுபோல மெல்லிய சீவல் எடுத்தும் முழுமையாக வெல்ல முடியவில்லை. அங்கே சுரண்டு தகட்டுக்கு மாறிவிடுவதே அறிவுடைமை. பழைய தச்சர்கள் உடைந்த கண்ணாடிச் சில்லின் விளிம்பால் சுரண்டி வளைவுகளை மழமழப்பாக்கியது இதே தத்துவம்தான். நாருக்கு அடியில் புகுந்து நெம்பாமல், மேலிருந்து வருடி எடுக்கிறது. எஃகுத் தகட்டின் விளிம்பைச் சதுரமாகத் தீட்டி, வழவழப்பான எஃகுத் தண்டால் அழுத்தி ஒரு நுண்ணிய கொக்கியை மடித்துவிட்டால், கண்ணாடியைவிடப் பாதுகாப்பாகவும் சீராகவும் அது வேலை செய்யும்.

ஆங்கிள் கிரைண்டரில் உப்புத்தாள் வட்டைப் பொருத்தி ஐந்து நிமிடத்தில் முடிக்கும் வேலைக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். பெரும்பாலான பட்டறைகளில் இன்று அப்படித்தான் செய்கிறார்கள், அவர்களுக்குக் கூலியும் நேரமும் கணக்கு. அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் சுழலும் வட்டு மரத்தின் மென்மையான பகுதியை அதிகமாகவும் கடினமான பகுதியைக் குறைவாகவும் தின்கிறது, ஒரு கணம் கூடுதலாக நின்ற இடத்தில் கிண்ணம்போலக் குழி விழுகிறது. பாலிஷ் ஏறி வெளிச்சம் சாய்வாகப் படும்போதுதான் அந்த அலைகள் தெரியும். அலகோ, குட்டையானதாக இருந்தாலும் ஓர் அடியின்மேல் நகர்வதால், மேட்டை மட்டுமே தொட்டுப் பள்ளத்தைத் தாண்டிச் செல்கிறது. வளைவு தானாகவே ஒழுங்குக்கு வருகிறது. தூசியையும் மறக்க வேண்டாம். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. தேக்குத் தூசி பலருக்குத் தோல் அரிப்பையும் உண்டாக்கும். சுருள் சீவலோ காலடியில் விழுந்து கிடக்கிறது. கூட்டி எடுத்து அடுப்புக்குக் கொடுக்கலாம். ஸ்போக்ஷேவ் முடித்துத் தந்த பரப்பில் நான் 180ஆம் எண் உப்புத்தாளிலேயே தொடங்க முடிந்தது. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, எழுந்த பிசிரை 240ஆம் எண்ணால் நீக்கியதும் அரக்குப் பாலிஷுக்குச் சட்டம் தயாராகிவிட்டது.

கூடுதலாகச் செலவிட முடிந்தவர்களுக்கு வேறு வழிகள் உள்ளன. நாற்காலித் தச்சர் பிரையன் போக்ஸ் வடிவமைத்ததை லீ-நீல்சன் நிறுவனம் தடித்த அலகோடு செய்கிறது. கனடாவின் வெரிட்டாஸ் நிறுவனமும் தட்டை, உருண்டை ஆகிய இரு வகைகளையும் செய்கிறது. அவற்றின் விலை இதைப்போலப் பலமடங்கு. மலிவான ஒன்றை அரை நாள் செப்பம் செய்து பழகிய கை, பிறகு தேவையென்றால் அங்கே போகலாம். வாங்குவதானால் அலகை மட்டும் நல்லதாக மாற்றிக்கொள்வதையும் யோசிக்கலாம். நான் அடுத்து அதைத்தான் செய்யப்போகிறேன். நம் ஊர் வியர்வையில் கருவி ஒரே இரவில் துருப்பிடிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் தையல் இயந்திர எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து வையுங்கள். சிமெண்ட் தரையில் தவறவிட்டுவிடவும் வேண்டாம்; வார்ப்பிரும்பின் கைப்பிடி முறிந்தால் ஒட்டுவது கடினம்.

புதிய சட்டத்தைப் பொருத்துவதற்காகப் பழைய நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது, கையின் அடிப்பக்கத்தில், உட்கார்ந்திருப்பவரின் விரல்நுனிகள் மடங்கிப் படியும் இடத்தில், சிறுசிறு பட்டைகளாக அலகின் தடம் அப்படியே இருந்ததைக் கண்டேன். மேற்புறத்தைக் கண்ணாடிபோல மெருகிட்ட அந்தத் தச்சர் அடிப்புறத்தைத் தேய்க்காமல் விட்டிருந்தார். அத்தனை ஆண்டுகளாக நாங்கள் எல்லோரும் விரலால் வருடிக்கொண்டிருந்தது அந்தப் பட்டைகளைத்தான். புதிதாகச் செய்த கையிலும் அடிப்பக்கத்தில் உப்புத்தாளைப் படவிடவில்லை. புதிதாகத் தீட்டிய அலகால் கடைசியாக ஒருமுறை இழுத்து, அரக்கை மட்டும் பூசி விட்டிருக்கிறேன்.